குறைந்த டெண்டரில் குறைவது யாருடைய கூலி?

(வேலூர் லாங் பஜாரில் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உள்ளாட்சியும் சாதியும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் தேர்தல், தனி வார்டு, மேயர் நாற்காலி என்றுதான் நம் நினைப்பு போகும். நான் அதைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசப் போகிறேன். மீதி நேரம் முழுக்க டெண்டரைப் பற்றிப் பேசுகிறேன். கேட்கச் சலிப்பான விஷயம்தான். மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, முன்வைப்புத் தொகை, பில் என்று சொன்னாலே இளைஞர்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் நம் தெருவைப் பற்றிய முடிவுகள் எல்லாம் அந்தச் சலிப்பான தாள்களில்தான் எழுதப்படுகின்றன. நாம் படிக்க மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் எழுதப்படுகின்றன.

இந்தக் கடைத்தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது நேற்றைய காய்கறிக் கழிவு, உடைந்த பெட்டி, வைக்கோல், பாலித்தீன் எதுவும் வாசலில் இருக்காது. இரவோடு இரவாக லாரி வந்து லோடு இறங்கியிருக்கும், விடியும் முன் யாரோ வந்து கூட்டியிருப்பார்கள். கடைக்காரருக்கு லோடு இறக்கியவரின் பெயர் தெரியும். கூலி பேசியவர் அவர்தானே. கூட்டியவரின் பெயர் தெரியாது. அவருக்குக் கூலி பேசியது வேறு யாரோ. எங்கே, எந்த அறையில், என்ன கணக்கில் பேசினார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

சிரித்த கதையும் சிரிக்காத கதையும்

2022 ஜூன் மாதம் இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், மெயின் பஜார் காளிகாம்பாள் கோயில் தெருவில், நிறுத்தி வைத்திருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் சாலை போட்டார்கள். படம் நாடு முழுக்கப் போனது. சில வாரங்களில் சத்துவாச்சாரியில் அடிபம்பை எடுக்காமல் அதைச் சுற்றியே கழிவுநீர்க் கால்வாய் கட்டிய படமும் வந்தது. வேலூரின் பெயர் இந்தியாவெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. ஒப்பந்தக்காரர்கள்மீது நடவடிக்கை என்று செய்தி வந்தது. அத்துடன் கதை முடிந்தது.

நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தவறாகப் போட்ட சாலையைப் படம் எடுக்க முடியும். போடாத சாலையைப் படம் எடுக்க முடியுமா? கடைவீதியில் வண்டி மாட்டிக்கொண்டால் மறுநாளே அதிகாரி வந்து நிற்பார். நகரத்தின் ஓரத்தில் மழை பெய்தால் முழங்கால் சேற்றில் நடக்கிற தெருவுக்கு எந்த ஒப்பந்தக்காரரும் தவறு செய்யக்கூட வந்ததில்லை. ஊழல் என்றால் போட்ட சாலையில் எத்தனை மூட்டை சிமெண்ட் குறைந்தது என்று பார்க்கிறோம். எந்தத் தெருவுக்குச் சாலையே வரவில்லை என்று பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

முடிவெடுக்கும் இடத்தில் யார் இருந்தார்கள்?

வேலூர் நகராட்சி 1866-இல் தொடங்கியது. 2008-இல் மாநகராட்சி ஆனது. இப்போது 60 வார்டுகள். 2016 செப்டம்பரில் மதுரை, சேலம், தஞ்சாவூருடன் சேர்த்து வேலூரும் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. சீர்மிகு நகரம் என்று தமிழில் பெயர் வைத்தார்கள். ஒன்றிய அரசின் பங்கு ஒரு நகரத்துக்கு 500 கோடி ரூபாய் வரை, அதற்கு இணையாக மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும் என்பது திட்டம். இந்த ஊர் அதற்கு முன் பார்க்காத பணம்.

பணம் வந்த நேரத்தைப் பாருங்கள். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. தனி அலுவலர் ஆட்சி. ஸ்மார்ட் சிட்டி வேலையின் பெரும்பகுதி தீர்மானமானது அந்த ஆண்டுகளில்தான்.

அதிலும் பணத்தைச் செலவு செய்தது மாநகராட்சி மன்றமே அல்ல. ஒவ்வொரு ஸ்மார்ட் சிட்டிக்கும் கம்பெனிச் சட்டப்படி ஒரு நிறுவனம் தொடங்க வேண்டும் என்பது விதி. மன்றத்துக்குரிய அதிகாரங்களை அந்த நிறுவனத்துக்கு ஒப்படைக்கலாம் என்று வழிகாட்டு நெறியே சொன்னது. பணத்தின் பெரும்பகுதியை நகரம் முழுவதற்கும் செலவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கே செலவு செய்யலாம் என்றார்கள். புதுப்பிக்கிற பகுதி என்றால் 500 ஏக்கருக்கு மேல், இடித்துக் கட்டுகிற பகுதி என்றால் 50 ஏக்கருக்கு மேல் என்று அளவு மட்டும் வைத்தார்கள். நகரத்துக்குள் ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்தத் துண்டைத் தேர்ந்தெடுப்பார்கள்? விருந்தாளிக்குக் காட்டக்கூடிய துண்டைத்தான். கோட்டை தெரியும், பேருந்து நிலையம் தெரியும். பைக் மாட்டிக்கொண்ட அதே ஜூன் கடைசி வாரத்தில்தான் 50 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய புதிய பேருந்து நிலையமும் திறக்கப்பட்டது. பேருந்து நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அங்கேதான் இறங்கி வந்தேன். தேர்ந்தெடுத்தவர்கள் யார், அவர்களை யார் கேள்வி கேட்டிருக்க முடியும் என்பதுதான் என் கேள்வி.

1992-இல் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. மக்கள்தொகைக்கு ஏற்பப் பட்டியல் சாதியினருக்கு வார்டு ஒதுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஒதுக்கப்பட்ட வார்டில் ஜெயித்து நம் பிள்ளைகள் உள்ளே போகத் தொடங்கினார்கள். அவர்கள் நாற்காலியில் உட்காரும் நேரத்தில் பணமும் முடிவும் பக்கத்து அறையில் உள்ள கம்பெனிக்குப் போய்விட்டன. இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

2022-க்குப் பிறகு மன்றம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மன்றக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பக்கம் பக்கமாக அஜெண்டா கொடுப்பார்கள். ஒவ்வொரு பொருளும் அதிகாரிகள் எழுதியது. பாதி வேலை ஏற்கெனவே நடந்து முடிந்து 'பின்னேற்பு'க்காக வந்திருக்கும். ஒரு கவுன்சிலர் தன் வார்டுக் குழாயைப் பற்றிப் பேசத் தொடங்குவார், இன்னொருவர் எழுந்து கத்துவார், நேரம் போய்விடும். 'ஆல் பாஸ்' என்று முடித்துவிடுவார்கள். எந்த ஊர் எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் காட்சி மாறுவதில்லை.

தண்ணீரும் பாதையும்

நம் இயக்க வரலாற்றில் நகராட்சி அந்நியமான இடமில்லை. பெரியார் காங்கிரசில் சேர்வதற்கு முன்பே ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். ஊருக்குக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த தலைவர் என்றுதான் அன்றைக்கு அவருக்குப் பெயர். 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் என்ன? பொதுச் சாலையில், தெருவில் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் எவரும் பயன்படுத்தலாம் என்பதுதான். இன்றைய மொழியில் சொன்னால் உள்கட்டமைப்புத் தீர்மானம்.

மகாத் போராட்டத்தை நாம் எல்லோரும் பேசுகிறோம். அதில் நகராட்சியின் பங்கை மறந்துவிடுகிறோம். 1923-இல் பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்கத் தீர்மானம் போட்டது. 1924-இல் மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. மூன்று ஆண்டுகள் அது காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் மக்களை அழைத்துப் போய் அந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தார். காகிதத்தில் இருந்ததை அவர் நடத்திக் காட்டியதும் நகராட்சி என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டு ஆகஸ்டில் கூடி, தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. குளத்துக்குள் போக உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க 1937 ஆனது. தீர்மானம் போடுவதும் ரத்து செய்வதும் ஒரே மேசையில்தான் நடக்கிறது. அந்த மேசையை நாம் விட்டுவிட முடியாது.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடி பக்கம், நாராயணபுரத்தில் என்ன நடந்தது? இறந்துபோன ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழி இல்லை. ஆற்றங்கரைக்குப் போகும் பாதை சாதி இந்துக்களின் நிலத்தில் இருந்தது, விடவில்லை. பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. பிறகு அந்த மக்களுக்குத் தனியாகச் சுடுகாட்டு நிலம் ஒதுக்கினார்கள். அரசே ஆதி திராவிடருக்குத் தனிச் சுடுகாடு ஒதுக்கினால் அது பாகுபாட்டை வளர்ப்பதாகாதா என்று நீதிமன்றமே கேட்டது.

அந்தப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, பொறியாளர் கையெழுத்து போட்டுக் கட்டிய பாலம். எத்தனை டன் கம்பி, எத்தனை டன் சிமெண்ட் என்று கணக்கு இருந்திருக்கும். அதன் மேல் போகிற ஒரு மனிதன் கடைசியாக எங்கே இறங்குவான் என்பதற்கு மட்டும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. கட்டமைப்பு சாதி பார்க்காது, சாலை எல்லோருக்கும் பொது என்று சொல்பவர்களை அந்தப் பாலத்தடியில் ஒருநாள் நிறுத்த வேண்டும்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு, வரவேற்கிறோம். ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெயர்ப் பலகையை மாற்றிய தெருவுக்குக் கடந்த பத்தாண்டுகளில் எத்தனை ரூபாய் வேலை நடந்தது, அதே வார்டின் மற்றத் தெருக்களுக்கு எத்தனை என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அப்போதுதான் மாறியது பெயரா, நிலைமையா என்று தெரியும்.

குறைந்த விலைப்புள்ளியின் கணக்கு

இப்போது சேவை ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் டெண்டருக்கென்று 1998-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பதற்கான சட்டம். தகுதியுள்ளவர்களில் குறைந்த தொகை கேட்பவருக்கு வேலை. எல்-1 என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. மக்கள் பணம் மிச்சமாகிறதே.

சாலை வேலையில் குறைத்துக் கேட்டவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? ஜல்லியில், சிமெண்டில், கனத்தில். ஒரு மழையில் சாலை பெயர்ந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். குப்பை அள்ளுகிற ஒப்பந்தத்தில் குறைத்துக் கேட்டவர் எங்கே பிடிப்பார்? டீசல் விலையை அவர் குறைக்க முடியாது. வண்டிக்கு வாங்கிய கடனின் தவணையைக் குறைக்க முடியாது. கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்கிற கமிஷனையும் குறைக்க முடியாது. குறையக்கூடிய ஒரே இடம் ஆள் கூலி. பத்து பேர் வேலையை ஏழு பேரிடம் வாங்கலாம். பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் இழுக்கலாம். கையுறையும் காலணியும் வருடத்துக்கு ஒருமுறை படம் எடுக்க மட்டும் கொடுக்கலாம். வார விடுமுறையைச் சம்பளம் இல்லாத நாளாக்கலாம்.

ஒரு பேச்சுக்கு, மாதம் 100 ரூபாய் ஆகிற வேலையில் 70 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டு, ஜெயித்தவர் 85 ரூபாய்க்கு எடுக்கிறார். மாநகராட்சிக்கு 15 ரூபாய் மிச்சம் என்று அறிக்கை வரும். டீசலும் வண்டியும் அப்படியே இருப்பதால் அந்த 15 ரூபாயும் அந்த 70-இலிருந்துதான் போகும். மேலே கம்பெனிக்கு லாபம் வேண்டும், அதுவும் அங்கிருந்துதான். ஆக மாநகராட்சி மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் துடைப்பம் பிடித்தவரின் மடியிலிருந்து எடுத்தது. கூலி குறைந்தால் சாலையைப் போலப் பெயர்ந்து காட்டிக்கொடுக்காது. விடியும் முன் தெரு சுத்தமாகவே இருக்கும்.

ஏன் இந்த வேலையில் மட்டும் இத்தனை எளிதாகக் குறைக்க முடிகிறது? இதைச் செய்பவர்கள் யார் என்பதால்தான். அருந்ததியரும் பறையரும் இந்த வேலைக்கு வந்தே தீர்வார்கள், வேறு இடத்தில் இவர்களுக்கு வேலை கிடைக்காது என்று டெண்டர் எழுதுபவருக்கும் தெரியும், எடுப்பவருக்கும் தெரியும். படிவத்தில் சாதி என்ற கட்டம் கிடையாது. விலையில் இருக்கிறது.

சென்னை இதை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்க்கிறது. 2000-இல் ஓனிக்ஸ் என்ற கம்பெனிக்கு மூன்று மண்டலங்களைக் கொடுத்தார்கள். அள்ளுகிற குப்பைக்கு டன் கணக்கில் பணம். பிறகு வேறு கம்பெனி, 2020-இல் இன்னொரு கம்பெனி. 2025 ஜூனில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. ஏறக்குறைய 2,000 தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். மாதம் ஏறக்குறைய 23,000 ரூபாய் வாங்கியவர்கள், கம்பெனிக்குப் போனால் 17,000-க்கும் குறைவு. பதின்மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. வழக்கு போனபோது உயர் நீதிமன்றம் தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் குறைக்காமல் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னது.

அந்தத் தீர்மானம் நிறைவேறிய மன்றத்தின் தலைமையில் இருப்பவர் சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நாற்காலி கிடைத்துவிட்டது, கோப்பு கிடைக்கவில்லை என்பதைக் காட்டச் சொல்கிறேன். நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் அதே தாள்தான் கையெழுத்துக்கு வரும் என்றால், நாம் அந்தத் தாளைப் பிடிக்க வேண்டும்.

அது சென்னைச் சங்கதி, வேலூருக்கு என்ன என்று கேட்காதீர்கள். 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 சென்னை நீங்கலான இருபது மாநகராட்சிகளுக்கானது. வேலூரும் அதில் அடக்கம். நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, மீதி வேலையை வெளி முகமை மூலம் செய்துகொள்ளும் வழியை அது திறந்தது. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு நிரந்தரமாக இன்னொருவர் வரமாட்டார். யாரையும் வேலையை விட்டு நீக்காமல், ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டே ஒரு தலைமுறையின் அரசு வேலையை முடித்துவிடலாம். சமூக நீதி பேசும் மண்ணில், இட ஒதுக்கீடு தேவையில்லாமலேயே தலித்துகள் நிறைந்திருந்த ஒரே அரசு வேலை இதுதான். அதைத்தான் முதலில் அரசு வேலை இல்லை என்றார்கள்.

நிரந்தரம் கேட்பது சரியா?

இங்கே நம் ஆட்களிடையே நடக்கிற ஒரு விவாதத்தைத் தொட்டே ஆக வேண்டும். குப்பை அள்ளும் வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்பது, குப்பை அள்ளுபவனே அள்ளிக்கொண்டிருக்கட்டும் என்று சொல்வதாகாதா? அந்தப் போராட்டத்தின்போது அண்ணன் திருமாவளவன் இந்தக் கேள்வியை எழுப்பினார். பலர் கோபப்பட்டார்கள். கேள்வி நியாயமானது, கோபத்தால் பதில் சொல்ல முடியாது.

என் பதில் இதுதான். இந்த வேலையை விட்டு வெளியே வந்த குடும்பங்களைப் பாருங்கள். அவர்களில் பலர் எப்படி வந்தார்கள்? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நகராட்சியில் நிரந்தர வேலை. மாதம் முதல் தேதி சம்பளம். அதை வைத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். ஓய்வூதியம் இருந்ததால் பிள்ளை பாதியில் படிப்பை விட்டுவிட்டு வீட்டைத் தாங்க வர வேண்டியிருக்கவில்லை. கம்பெனிக் கூலியில் இது எதுவும் நடக்காது. கூலி போதாமல் பிள்ளையும் அதே வண்டிக்கு வரும். ஒரு தலைமுறைக்கு நிரந்தரம் கொடுத்தால் அடுத்த தலைமுறை வெளியே போகும். ஒப்பந்தத்தில் விட்டால் பரம்பரை பரம்பரையாக உள்ளேயே கிடக்கும்.

அந்தக் கேள்வியில் இருக்கிற உண்மையையும் ஏற்க வேண்டும். பணியில் இறந்தவரின் பிள்ளைக்கு வாரிசு வேலை என்று அதே துடைப்பத்தைக் கையில் கொடுப்பது சாதியை அரசே பதிவு செய்வதுதான். படித்த பிள்ளைக்கு அலுவலக வேலை, ஓட்டுநர் வேலை, தொழில்நுட்ப வேலை கொடு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். துடைப்பத்துக்குப் பதில் இயந்திரம் வாங்கினால், அந்த இயந்திரத்தை ஓட்டும் பயிற்சியும் வேலையும் இன்று கூட்டுகிறவருக்கே கொடு என்று கேட்க வேண்டும். நிரந்தரமும் வெளியேறும் வழியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோலைத் தொட்டவன் தீட்டு என்றார்கள். அதே தோல் ஏற்றுமதியானதும் அந்நியச் செலாவணி என்றார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை கழிவில் பாலாறு செத்த கதை 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பு வந்தது. இடையில் 2015 ஜனவரி 31-இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அதுவும் ஒரு உள்கட்டமைப்புத்தான். அதற்கும் கோப்பும் கையெழுத்தும் இருந்திருக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் படுப்பவன் யார் என்பதை எந்தக் கோப்பும் கேட்பதில்லை.

சாக்கடைக்குள் இறங்கி இறந்தால் இழப்பீடு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒவ்வொரு சாவிலும் முதலில் வரும் பதில், 'அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்' என்பது. ஒப்பந்தம் போடுவதன் பெரிய பயனே அதுதான். சாவையும் வெளியே கொடுத்துவிடலாம். ஆனால் ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கவில்லை என்றால் வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. மாநகராட்சி கைகழுவ முடியாது.

என்ன செய்யலாம்?

ஆவேசமாகப் பேசிவிட்டுப் போவது எளிது. வேலையும் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் வார்டின் வரைபடத்தை எடுங்கள். கடந்த ஐந்தாண்டில் எந்தத் தெருவில் எந்த வேலை, எவ்வளவு தொகை, யார் ஒப்பந்தக்காரர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு காகிதத்தோடு நிற்கவில்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்துகிற பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. அளவுப் புத்தகத்தின் நகலை வாங்கிக்கொண்டு டேப்போடு தெருவுக்குப் போங்கள். வந்த கணக்கை வரைபடத்தில் வண்ணம் தீட்டிப் பாருங்கள். வண்ணம் விழாத தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, கிராம சபை போல நகரத்துக்கும் பகுதி சபை வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டில் முதல்முறையாகக் கூட்டினார்கள். அதில் போய் உட்காருங்கள். கடைக்காரர் சங்கத்துக்கு மாநகராட்சியில் கதவு திறக்கும். தள்ளுவண்டிக்காரருக்கும் சுமை தூக்குபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் திறக்கிற கதவு இது ஒன்றுதான். அந்த வண்ணம் தீட்டிய வரைபடத்தை அங்கே விரியுங்கள். தீர்மானத்தை எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தூய்மைப் பணியில் கூலிக்கு டெண்டர் விடக் கூடாது என்று கேளுங்கள். நிரந்தர வேலை நம் கோரிக்கை. அது வரும்வரை, கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஆள் எண்ணிக்கை ஆகியவற்றை மாநகராட்சியே நிர்ணயித்து, அந்தத் தொகையைப் போட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். கம்பெனிகள் தங்கள் சேவைக் கட்டணத்தில் மட்டும் போட்டி போடட்டும். இது நடைமுறையில் உள்ள முறைதான், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிரந்தரம் முடியாது என்பவர்களுக்குப் பக்கத்து பெங்களூரைக் காட்டுங்கள். அங்கே 2025 மே நாளில் 12,000-க்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களுக்கு நிரந்தர நியமன ஆணை கொடுத்தார்கள்.

நான்காவது, ஒப்பந்தம் எடுப்பதிலும் நம் பங்கு. கர்நாடகத்தில் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்தக்காரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. 50 லட்சம் ரூபாய் வரையிலான வேலைகளில் தொடங்கி, பிறகு அந்த வரம்பை ஒரு கோடியாக உயர்த்தினார்கள். இங்கே 2024-இல் ஆதி திராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் வந்திருக்கிறது. அந்த நிதி நம் தெருவுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பதோடு, அந்த வேலையை எடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். நம் பெயரில் வந்த பணத்தில் நம் ஆள் கூலியாக மட்டும் நிற்பதை எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது?

தோழர்களே, மதிப்பீடு போடுவது பொறியியல். எந்தத் தெருவுக்கு மதிப்பீடு போடுவது என்பது அரசியல். அதை அதிகாரிகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் விட்டுவிட்டு, நாம் மேடையில் மட்டும் சாதியை ஒழித்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த மாநகராட்சிக் கூட்டத்தின் அஜெண்டாவை வாங்கி இங்கேயே, இதே தெருவில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகப் படிப்போம். தூய்மைப் பணியாளர் அக்காக்களையும் அண்ணன்களையும் அழைப்போம். எந்தப் பொருளில் அவர்களுடைய கூலி ஒளிந்திருக்கிறது என்பதை நம்மைவிட வேகமாக அவர்கள் கண்டுபிடிப்பார்கள். இன்று எழுந்து டீ குடிக்கப் போகாமல் இருந்த அத்தனை பேரும் அன்றைக்கும் வர வேண்டும்.

ஜெய்பீம்.